கம்ப்யூட்டர் படித்துக் காட்டிய மனு

"ஈஸ்டர் வரைக்கும் பாக்கறேனுங்க ரைட்டரே. அதுக்கு மேல என்னால முடியாதுங்க" என்று கடைக்கார அம்மா சொன்ன அன்று, என் கண்களில் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. எழுத்து போய்விட்டது. முகங்கள் போய்விட்டன. கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று சேலத்து டாக்டர் எச்சரித்து எட்டு வருடம் இருக்கும். சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டிருக்க வேண்டும். நல்லாத்தானே தெரிகிறது, என்ன ஆகிவிடப் போகிறது என்று மெத்தனமாக இருந்துவிட்டேன். இதில் குறை சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

ஏற்காடு கடைவீதியில், தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில் இருக்கிற ஜெராக்ஸ் கடை அது. அதன் மூலையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. இருபத்திரண்டு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து மனு அடித்துக் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத மலைக்காரர்கள் எதிரே வந்து உட்கார்ந்து தங்கள் குறையைச் சொல்வார்கள். நான் அடிப்பேன். கைநாட்டு வைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். எஸ்டேட்டுகளில் கணக்கு எழுதுகிறவரை ரைட்டர் என்பார்கள். எந்த எஸ்டேட்டிலும் வேலை பார்க்காத எனக்கும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. கடைவீதியில் ரைட்டர் என்றால் நான்தான். அந்த நாற்காலி போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

கடைக்கார அம்மா கெட்டவர் இல்லை. அன்று சாம்பல் புதன். கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்ததாகச் சொன்னார். "தவக்காலம் நாப்பது நாளும் யாரு மனசையும் நோவடிக்க மாட்டேன்னு வேண்டியிருக்கேனுங்க. ஈஸ்டர் முடிஞ்சா பள்ளிக்கூடச் சேர்க்கைக்குச் சர்ட்டிபிகேட் கேட்டுக் கூட்டம் மொய்க்கும். நாலு எழுத்துக்கு மூணு தப்பு வருது இப்ப. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ண?" என்றார். அதாவது, நாற்பது நாள் கழித்து நோகடிப்பார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எரிச்சலுக்குக் காரணம்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி "போதுமுங்க. ஊட்டுல இருங்க. நாலு மிளகுக் கொடி இருக்குது, பாத்துக்கலாம்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மிளகுக் கொடியைப் பார்த்துக்கொள்ளக் கண் வேண்டாமா என்று கத்தினேன். டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர் பாஸ் பண்ணின விரல்கள் இவை. விசைப்பலகையைக் குனிந்து பார்த்து அடிக்கிற பழக்கம் எனக்கு என்றைக்குமே கிடையாது. அடிப்பதற்குக் கண் தேவையில்லை. அடித்ததைச் சரிபார்க்கத்தான் தேவை. அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்காமல் இந்த மலையை விட்டு ஒரு அடி நகர மாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். "உங்களை ஆரு நகரச் சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

வழி சேலத்தில் இருந்தது. கண் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எப்போதோ ஒரு போன் நம்பரை என் கைபேசியில் பதிந்து கொடுத்திருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு பெண். ஒரு வங்கியில் வேலை பார்க்கிறார். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருளை வைத்துத்தான் அத்தனை வேலையும் செய்கிறாராம். போன் போட்டேன். நான் என் கதையை ஆரம்பித்ததும் குறுக்கிட்டார்.

"சார், சாப்பாட்டு வேளையில அரை மணி நேரம் தர்றேன். கத்துக்கறதா இருந்தா கூப்பிடுங்க. பொலம்பறதா இருந்தா வேற ஆளப் பாருங்க."

என் மகள் வயதுதான் இருக்கும். என்ன வாய்! அப்போதே போனை வைத்திருப்பேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப் போயிற்று. மூன்று மாதமாக எல்லோரும் என்னிடம் ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுவது மாதிரி இறங்கின குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெண் ஒருத்திதான் திட்டினாள்.

மறுநாளே ஆரம்பித்தோம். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். கடைக்கார அம்மா மவுஸைப் பிடித்துக்கொண்டார். வங்கி அம்மிணி சொல்லச் சொல்ல இவர் தேடித் தேடி அமுக்கினார். "நெக்ஸ்ட்டுன்னு இருக்குதுங்க." "அமுக்குங்க." "ஏதோ ஒத்துக்கறியான்னு கேக்குதுங்க." "ஒத்துக்கங்க." காசு கேட்காத இலவச மென்பொருள் என்றதும் கடைக்கார அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இலவசமாக் குடுத்துட்டு நம்ம பைலையெல்லாம் தூக்கிட்டுப் போயிருவாங்களோ?" என்றார். போனில் அந்தப் பெண் சிரித்தார்.

ஒருவழியாக ஏற்றி முடித்தோம். பேசவில்லை. கடைக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் எப்போதும் இருந்ததில்லை. வேலை பார்க்கிற பெட்டிக்குச் சத்தம் எதற்கு? ஒரு இயர்போன் வாங்கிப் பின்னால் செருகினோம். அப்போதும் பேசவில்லை. இயர்போன் மட்டம் என்று வேறொன்று வாங்கினோம். கப்சிப். மூன்று நாள் இப்படியே போயிற்று. மழைக்காலம் முடிந்தும் விடாத மூடுபனி வேறு. மத்தியானத்தில் கரண்ட் போகும், அரை மணி நேரப் பாடமும் கரைந்துவிடும். நான்காம் நாள் வங்கி அம்மிணிதான் கேட்டார்: "சத்தம் எங்க போகுதுன்னு செட்டிங்ல பாத்தீங்களா?" பார்த்தால், அது மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மானிட்டருக்கு ஸ்பீக்கரே கிடையாது. மூன்று நாளாக அந்த மென்பொருள் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, கேட்க வழி இல்லாத இடத்தில். மாற்றியதும் என் காதில் ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில் கடகடவென்று ஏதோ சொன்னது. நான் "ஆ!" என்று கத்திவிட்டேன். கடைக்கார அம்மா பயந்து எழுந்துவிட்டார்.

அதற்கு மேல்தான் உண்மையான மல்லுக்கட்டு. ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை. குரல் அமைப்புக்குள் போய்த் தமிழைத் தேர்ந்தெடுத்தோம். வந்த தமிழ் இருக்கிறதே, அடேயப்பா! ஜலதோஷம் பிடித்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிற தமிழ். இதைவிட நல்ல குரல் இல்லையா என்று கேட்டேன். "இருக்கு சார். கேக்க இனிமையா இருக்கும். ஒரு எழுத்து அடிச்சா அது யோசிச்சு யோசிச்சு அப்புறமாத்தான் சொல்லும். உங்களுக்குப் பாட்டுக் கச்சேரியா, வேலையா?" வேலை என்றேன். பத்து நாளில் அந்த மூக்கடைப்புத் தமிழ் பழகிவிட்டது. பிறகு வேகத்தைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கூட்டி, பக்கத்தில் இருப்பவருக்கு வண்டு இரைவதாகத் தோன்றுகிற அளவுக்குக் கொண்டுபோனேன். அடிக்கிற ஒவ்வொரு சொல்லையும் உடனே சொல்லும்படி வைத்தேன். தப்பு காதில் இடறும், அழிப்பேன், திரும்ப அடிப்பேன்.

ஒருநாள் மனுவைச் சேமிக்கப் போய் எதையோ தவறாக அமுக்கிவிட்டேன். பேச்சு நின்று, வெறும் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. பெட்டி செத்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். கெட்ட வார்த்தைகூட வந்துவிட்டது. தவக்காலத்தில் இருக்கிற அம்மாவுக்கு முன்னால். வங்கி அம்மிணி கேட்டுவிட்டு, "சார், அது வாயை நீங்களேதான் அடைச்சிருக்கீங்க. அதே விசையை இன்னும் ஒரு தடவை அமுக்குங்க" என்றார். அமுக்கினேன். பேசியது.

இன்னொரு இடி பழைய மனுக்களில் இருந்தது. நான் வேலை செய்கிற முறை இது: புதிதாக யாராவது வந்தால், அதே மாதிரியான பழைய மனு ஒன்றைத் திறப்பேன். பெயர், ஊர், தேதியை மாற்றுவேன், முடிந்தது. இருபத்திரண்டு வருட மனுக்களும் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தன. ஆனால் எல்லாம் பழைய எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும்; உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் புள்ளியும்தான். மென்பொருள் அதைத் திறந்து "கே, பி, ஸ்லாஷ், செமிகோலன்" என்று படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. விடவில்லை. எழுத்தை மாற்றித் தருகிற இன்னொரு மென்பொருள் இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னார். ஒவ்வொரு கோப்பாக வெட்டி, ஒட்டி, மாற்றி, சேமித்தேன். அந்த வேலைக்கு மட்டும் இரண்டு வாரம் ஆனது.

குருத்தோலை ஞாயிறு முடிந்த வாரம். புதன்கிழமை. கடையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். கடைக்கார அம்மா ஜெராக்ஸ் மெஷின் பக்கம் நின்றிருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர் பேசாமல் இருந்ததிலேயே தெரிந்தது. இந்த வாரம் நான் தப்பில்லாமல் அடித்தால் நாற்காலி எனக்கு. இல்லையென்றால் ஈஸ்டர் முடிந்து வேறு ஆள். அப்போது எதிரே வந்து உட்கார்ந்த குரல் தெரிந்த குரல். வெள்ளக்கடைப் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் போட்டிருக்கிற அம்மா; என் வயதுதான், கணவர் இல்லை. மூன்று வருடமாக வருகிறவர். பக்கத்து எஸ்டேட்காரர்கள் வேலி அடித்துக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள் என்பது அவர் குறை. ஏற்கெனவே மூன்று மனு அடித்துக் கொடுத்திருந்தேன். மூன்றும் தள்ளுபடி.

"நாலாவது தடவையும் குடுத்துப் பாக்கறேனுங்க ரைட்டரே" என்று ஆரம்பித்து அவர் முதலில் இருந்து சொல்லத் தொடங்கினார். எனக்குத்தான் கதை தெரியுமே. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பழைய மனுவைத் திறந்தேன், தேதியை மாற்றினேன், காதில் வேகமாக ஓடவிட்டேன். தப்பு எதுவும் இடறவில்லை. எனக்குள் ஒரு குஷி. பார்த்தாயா, கண் இல்லாமலே அடித்துவிட்டேன் என்று.

திடீரென்று அவர் பேச்சை நிறுத்தினார். "ஏனுங்க, நான் வயித்தெரிச்சலைச் சொல்லிட்டிருக்கறேன். நீங்க காதுல மாட்டிக்கிட்டுப் பாட்டா கேக்கறீங்க?"

கடையே என் பக்கம் திரும்பியது. கடைக்கார அம்மா "ஐயோ, பாட்டு இல்லீங்க…" என்று ஆரம்பித்தார். நான் முந்திக்கொண்டேன். இயர்போனின் ஒரு முனையைக் கழற்றி நீட்டினேன். "பாட்டு இல்லீங்க. உங்க மனுவைத்தான் படிக்குது. நீங்களே கேளுங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவருக்குப் புரிய வேண்டும் என்று வேகத்தை நன்றாகக் குறைத்தேன். ஒரு முனை அவர் காதில், ஒரு முனை என் காதில். முதலில் இருந்து படிக்கவிட்டேன்.

பெறுநர், ஐயா, பொருள், எல்லாம் வந்தன. 'மனுதாரராகிய நான் தங்கள் மேலான சமூகத்திற்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது' வந்தது. 'தொன்றுதொட்டு அனுபவித்துவரும் நடைபாதை உரிமை' வந்தது. 'மேற்படி பாதையை மேற்படி தோட்டத்தார் அடைத்துவிட்டபடியால்' வந்தது. என் நடை! அடித்துக் கொடுத்த காலத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவரே பாராட்டிய நடை. அந்த அம்மா கவனமாகக் கேட்டார். 'இப்படிக்கு, கைநாட்டு' என்று முடிந்தது.

"ஊத்து எங்கீங்க?" என்றார்.

"என்னதுங்க?"

"கேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கற ஊத்துங்க. நாங்க தண்ணி எடுக்கற ஊத்து. அதைப் பத்தி இதுல ஒண்ணுமே வல்லீங்களே."

வந்திருக்கும், வேகத்தில் விட்டிருப்பீர்கள் என்றேன். வேகமே இல்லை, குறைத்தவன் நான்தான். தேடச் சொல்லி 'ஊற்று' என்று அடித்தேன். கிடைக்கவில்லை என்றது அந்த மூக்கடைப்புக் குரல், இரண்டு பேர் காதிலும். 'தண்ணீர்' என்று அடித்தேன். கிடைக்கவில்லை. முந்தைய மூன்று மனுக்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து தேடினேன். நடைபாதை, நடைபாதை, நடைபாதை. ஊற்று என்ற சொல் எதிலும் இல்லை.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. முதல் தடவை அவர் வந்தபோது, கேட் என்ற சொல்லைக் கேட்டதும் பாதைத் தகராறு என்று முடிவுகட்டி, வேறு யாருக்கோ அடித்த பாதை மனுவைத் திறந்தேன். அவர் சொல்லி முடிக்கும் முன்னே அடித்து முடித்துவிட்டேன். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அவர் வீட்டுக்கு வேறு வழி இருந்தது. 'மாற்றுப் பாதை உள்ளதால் மனு முடித்துவைக்கப்படுகிறது' என்று பதில் வந்தது. அதை நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன். அன்றைக்கே அவர் கேட்டார்: "ஊத்தைக் கேட்டா பாதையைச் சொல்றாங்களேங்க?" அதிகாரிகள் அப்படித்தான், விடுங்க, திரும்பப் போடலாம் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து அவர்களைத் திட்டினோம். மூன்று வருடம் அந்த அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரத்துத் தண்ணீருக்கு மலை இறங்கி ஏறியிருக்கிறார்.

இயர்போனில் கேட்டது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஏதோ மெஷின் கோளாறு என்று நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அப்படிச் சொல்லிவிடலாம் என்று தோன்றவும் தோன்றியது, மறைக்க மாட்டேன். கடைக்கார அம்மா நிற்கிறார், ஈஸ்டருக்கு நாலு நாள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தப்பு என்னுதுங்க" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. "நீங்க ஊத்தைத்தான் சொன்னீங்க. நான்தான் பாதைன்னு அடிச்சுட்டேன். மூணு தடவையும்."

ஜெராக்ஸ் மெஷின் சத்தம் நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"கண்ணு நல்லாத் தெரிஞ்ச காலத்துல ஒரு தடவையாச்சும் எனக்குப் படிச்சுக் காட்டியிருக்கலாமுங்களே" என்றார் அவர்.

அவருக்கு மட்டும் இல்லை, யாருக்குமே நான் அடித்த மனுவைப் படித்துக் காட்டியதில்லை. அவர்களுக்கு என்ன புரியப் போகிறது என்று நினைத்திருந்தேன். பழைய மனுவை மூடினேன். வெறும் பக்கம் ஒன்றைத் திறந்தேன். "சொல்லுங்க. நீங்க சொல்றது மட்டும்தான் அடிப்பேன்" என்றேன். அவர் சொன்னார். ஊற்று எந்தப் பாறையடியில் இருக்கிறது, எத்தனை குடும்பம் அதில் எடுக்கிறது, கோடையில் பக்கத்தில் வேறு எங்கும் சொட்டு இல்லாதது, காலையில் ஒருமணி நேரம் கேட்டைத் திறந்துவிட்டால் போதும் என்பது. மேற்படி இல்லை, மேலான சமூகம் இல்லை. ஒரு பக்கம்கூட வரவில்லை. படிக்கவிட்டேன். ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். ஏழு குடும்பம் இல்லை, எட்டு என்றார். திருத்தினேன். மறுபடி முதலில் இருந்து கேட்டார். கேட்டு முடித்து இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தார். "இதுதானுங்க நான் சொன்னது" என்றார். கைநாட்டு வைத்துவிட்டு எழுந்து போனார்.

நாற்காலி போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கடைக்கார அம்மா என் மேசைக்கு வந்து நின்றார். "தப்பில்லாமத்தான் அடிச்சீங்க இன்னிக்கு. அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமாங்க?" என்றார். தலையாட்டினேன்.

அடுத்த ஆள் ஒரு பெரியவர். உட்காரவில்லை. காத்திருந்த மற்றவர்களும் எழுந்து மேசையைச் சுற்றி வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

"ஏனுங்க ரைட்டரே, நான் புது மனுவுக்கு வல்லீங்க" என்றார் பெரியவர். "போன வருசமும் அதுக்கு முந்தின வருசமும் எனக்கு அடிச்சுக் குடுத்தீங்களே, அதுல என்ன எழுதியிருக்குதுன்னு இந்தப் பெட்டி படிச்சுக் காட்டுமுங்களா?"

அவர் என்ன சொன்னார், நான் என்ன அடித்தேன் என்று எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை.

"படிக்குமுங்க, உக்காருங்க" என்றேன்.